பார்த்த கோப்பு: ஒன்று

பிரிண்டிங் கடையில் அவளுக்கு எண்ணுக்காரி என்று பட்டப்பெயர். எந்த வேலை வந்தாலும் பக்கங்களை எண்ணாமல் பொத்தானில் கை வைக்க மாட்டாள். கடை அவளுடைய அக்கா கணவருடையது.

அன்று ஒரு பொறியாளர் நாற்பது வரைபடங்களை ஒரே ஜிப் கோப்பாகச் சுருக்கிக் கொண்டுவந்தார். கண் மூடித் திறப்பதற்குள் வைரஸ் ஸ்கேனர் பச்சை காட்டிவிட்டது. கீழே பொடி எழுத்தில், ‘பார்த்த கோப்பு: ஒன்று’ என்றிருந்தது.

“அத்தான், உள்ள நாப்பது இருக்காம். இது ஒண்ணுதான் பாத்திருக்கு.”

“மெஷின்கிட்டயும் கணக்குக் கேக்க ஆரம்பிச்சிட்டியா?”

“மூட்டைய வெளிய தடவிட்டு உள்ள இருக்கறத எப்படிச் சொல்லும்?”

சிரிக்கப்போன அத்தான் நிறுத்திக்கொண்டார். போன வருஷம் வைரஸ் புகுந்து, வாடிக்கையாளர்களின் கோப்புகள் அத்தனையும் பாழாகியிருந்தன. இன்னொரு தடவை அப்படி நடந்தால் கடைப்பக்கம் யாரும் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள்.

இணைய இணைப்பில்லாத பழைய கணினியில் ஜிப்பைப் பிரித்து எண்ணினாள். நாற்பத்தொன்று இருந்தது. மறுபடி ஸ்கேன் செய்தாள். மிகுதியாக இருந்த ஒன்று சிவப்பாகியது.

“நான் நாப்பதுதாம்மா வச்சேன்,” என்றார் பொறியாளர், முகம் வெளிறி.

அதை அழித்த பிறகும் அவளுக்கு மனம் ஆறவில்லை. முதலில் பச்சை காட்டிய பெரிய கணினியில் ஸ்கேனரின் அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். ‘சுருக்கிய கோப்புகளின் உள்ளேயும் பார்’ என்ற வரிக்கு எதிரே கட்டம் காலியாக இருந்தது.

“இதுல டிக்கை யாரு எடுத்தது?”

அத்தான் தலையைச் சொறிந்தார். “கூட்ட நேரத்துல ரொம்ப இழுக்குதேன்னு நான்தான் எடுத்துவிட்டேன்.”