பதினொரு மணிப் பட்டறை

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குக் கதிர் தொலைபேசியில் அழைத்தான். "சார், அக்கா பூடுச்சு சார். நெஞ்சு வலின்னுச்சு, அவ்ளோதான்" என்றான். பிறகு அவனே கேட்டான்: "எத்தினி மணிக்கு எடுப்பாங்கோ சார்? நாளிக்கு திங்கக்கெயம."

கதிர் பதினான்கு மாதம் சிறையில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்தவன்; அமுலு அக்காவின் பட்டறையில் வேலை செய்தான். திங்கட்கிழமை தோறும் காலை பத்தரை மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும். தவறினால் ஜாமீன் ரத்தாகலாம். அதனால்தான் அந்தக் கேள்வி.

தண்டையார்பேட்டையில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைத்துக் கொடுத்த அமுலு அக்காவை உங்களில் பலர் அறிவீர்கள். மற்றப் பட்டறைகள் எட்டு மணிக்கே திறந்துவிடும் அந்தச் சந்தில், அவருடைய ஷட்டர் மட்டும் பதினொன்றுக்குத்தான் உயரும். காத்திருக்கும் ஓட்டுநர்கள் கிண்டல் செய்வார்கள். "இன்னாக்கா, உனக்கு மட்டும் சூரியன் லேட்டா வருதா?" என்பார் ஒருவர். "ஆமா நைனா, எனக்கு வந்துகீறது வாடகை சூரியன்" என்பார் அவர். என்னிடம் மட்டும், காலையில் கண் மங்கலாக இருக்கிறது என்று சொல்லியிருந்தார். நானும் நம்பினேன்.

அவரும் எட்டு ஆண்டுகள் சிறையில் இருந்தவர். குடும்பச் சண்டையில் ஓர் உயிர் போயிற்று. அதைப் பற்றி அவர் சொன்னது ஒரே முறை: "பண்ணேன் வாத்தியாரே. உள்ள இருந்தேன். வந்துட்டேன்." தையல் கற்றது உள்ளேதான். வெளியே வந்ததும், இப்போது பட்டறை இருக்கும் ஷெட்டை வாடகைக்குக் கேட்டார். உரிமையாளர் எனக்குத் தெரிந்தவர். வாத்தியார் ஒரு வார்த்தை சொன்னால் தருகிறேன் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று நான் மூன்று வாரம் கடத்தினேன். அந்த மூன்று வாரமும் அமுலு அக்கா மேம்பாலத்துக்கு அடியில், மடித்துப் போட்ட தார்ப்பாய்மேல் உட்கார்ந்து கோணி ஊசியால் கையாலேயே தைத்துக்கொண்டிருந்தார். பேருந்திலிருந்து தினமும் பார்த்தேன். பிறகுதான் அந்த வார்த்தையைச் சொன்னேன். தாமதத்துக்கு அவர் என்னிடம் காரணம் கேட்கவில்லை.

தாமதம் என்றதும் என்னைப் பற்றியும் ஓர் உதாரணம் சொல்ல வேண்டும். முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆசிரியராக இருந்தேன். ஒன்பது பத்துக்குப் பள்ளியின் வாயிற்கதவைச் சாத்துவது என் பொறுப்பு. அதன்பின் வருகிறவர்கள் முதல் பாடவேளை முழுவதும் வெளியே நிற்க வேண்டும். அப்படி அதிகம் நின்றவர்களில் கதிரும் ஒருவன். கொடுங்கையூரிலிருந்து வருவான். "லேட்டாயிட்சா சார்?" என்று கம்பிக்கு வெளியிலிருந்து கேட்பான். நான் பதில் சொன்னதில்லை. ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டான்.

சென்ற ஐப்பசியில் அமுலு அக்காவுக்குக் காய்ச்சல் முற்றி, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒரு வாரம் பட்டறையைப் பார்த்துக்கொள்ளும்படி என்னிடம் சாவியைக் கொடுத்தார். "பதினொன்னுக்குத் தொற, போதும்" என்றார். மழைக்கு முன்பாகக் கொடுக்க வேண்டிய தார்ப்பாய்கள் குவிந்து கிடந்தன. வேலையை முடித்து அவரை வியக்க வைக்கலாம் என்று நினைத்தேன். மறுநாள் காலை எட்டு மணிக்குப் பட்டறை ஆட்கள் எல்லோரும் வர வேண்டும் என்று அறிவித்துவிட்டேன்.

கதிர் எட்டு மணிக்கு வந்தான். அப்போது பட்டறையில் அவன் ஒருவன்தான் தினமும் கையெழுத்திட வேண்டியிருந்தவன். எனக்கு அது தெரியாது. பழைய வாத்தியாரிடம் மறைத்திருந்தான். பத்து மணிக்கு எழுந்து நின்றான். "எங்கே?" என்றேன். "ஒண்ணும் இல்ல சார்" என்று மறுபடியும் உட்கார்ந்து, தார்ப்பாயின் ஓரத்தில் கயிறு கோக்கும் வளையம் அடித்தான். பத்தரை ஆயிற்று, பன்னிரண்டும் ஆயிற்று. மூன்று மணிக்குக் காவலர் ஒருவர் வந்து அவனை அழைத்துக்கொண்டு போனபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

அமுலு அக்கா கையில் ஊசி குத்திய இடத்தில் ஒட்டிய பிளாஸ்திரியோடு என்னுடன் ஆட்டோவில் வந்தார். நிலையத்தில் கதிர் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தான்.

"இன்னா அமுலு, திரும்ப வந்துட்டியா?" என்றார் ஆய்வாளர்.

"உங்கள பாக்காம இருக்க முடியல சார்."

"வரலன்னு நான் எழுதி அனுப்புனா இவன் மறுபடி உள்ளதான்."

தவறு என்னுடையது என்று சொன்னேன். நீங்கள் யார் என்று கேட்டார். இவனுக்குப் பாடம் நடத்திய ஆசிரியர் என்றேன். "நல்லா நடத்தியிருக்கீங்க" என்றார். இரண்டு மணி நேரம் நிற்க வைத்துவிட்டு, எச்சரித்து, கதிரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

"போறேன்னு சொல்ல வேண்டியதுதானேடா?" என்று வெளியே வந்ததும் கேட்டேன்.

"வெளிய நிக்க வெச்சுடுவீங்கன்னு பயம் சார்."

அமுலு அக்கா என்னைத் திட்டவில்லை. நிலையத்துச் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "என்னாண்ட வேலைக்கு வர்ற ஜாமீன் பசங்க பத்தரைக்குக் கையெழுத்து போட்டுட்டு வரணும் வாத்தியாரே. எங்க போனாலும் லேட்டுன்னு தொரத்துறாங்கோ. எட்டுக்குத் தொறந்தா இவன் லேட்டு. பதினொன்னுக்குத் தொறந்தா யாரு லேட்டு?"

அதைச் சந்தில் யாரிடமும் அவர் சொன்னதில்லை. சொன்னால் யார் யார் கையெழுத்திடுகிறவர்கள் என்று தெரிந்துவிடும். அதற்குப் பதிலாகச் சோம்பேறி என்ற பெயரைத் தானே வாங்கிக்கொண்டார். இப்போது உங்களிடம் நான் சொல்வது கதிரின் சம்மதத்தோடுதான்.

பிறகொரு நாள், பள்ளிக்கு ஏன் தினமும் தாமதமாக வந்தாய் என்று கதிரைக் கேட்டேன். காலையில் தண்ணீர் லாரி வரும்வரை குடத்தோடு நின்றானாம். அம்மா வேலைக்குப் போய்விடுவார்களாம். ஒரே நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டான். நான்தான் அந்த ஒரு நிமிடத்தை அப்போது அவனுக்குத் தரவில்லை.

திங்கட்கிழமை பத்தரைக்கு எமகண்டம். அதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று தெருப் பெரியவர்கள் ஞாயிறு மாலையே முடிவு செய்திருந்தார்கள். நான் போய், பதினொன்றுக்கு மேல் எடுக்கலாம் என்றேன். முணுமுணுப்பு எழுந்தது. காரணம் கேட்டார்கள். அமுலு அக்கா சொல்லாததை நான் எப்படிச் சொல்ல? "அந்த அம்மா என்றைக்குப் பதினொன்றுக்கு முன்னால் கிளம்பினார்?" என்றேன். அழுதுகொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண்மணி நிமிர்ந்தார். "எமன் வந்துட்டுப் பூட்டாரு. இனிமே இன்னா எமகண்டம்? இருக்கட்டும்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

மறுநாள் பதினொன்றாகப் பத்து நிமிடம் இருக்கும்போது கதிர் ஓடி வந்தான். சட்டை முழுக்க வேர்வை. பாடைக்கு முன்னால் நின்று, கம்பிக்கு வெளியே நின்று கேட்ட அதே குரலில் என்னைக் கேட்டான்: "லேட்டாயிட்சா சார்?"

"இல்லப்பா. உனக்காகத்தான் இருக்கிறோம்" என்றேன். அவன் முன்பக்கம் தோள் கொடுத்தான்.

அந்தப் பதிலைச் சொல்ல நான் அமுலு அக்காவிடம் கற்றேன். அவருடையது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.