பந்தெறியும் சக்கரமும் அம்மா வைத்த பொட்டும்

பந்தெறியும் இயந்திரம் என்றதும் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். ஒரு மோட்டார், அதன் தண்டில் ரப்பர் ஒட்டிய சக்கரம், எதிரே வளைந்த தகடு, அவ்வளவுதான். இடையில் நுழையும் பந்தைச் சுழலும் சக்கரம் பிடித்து வீசிவிடும். உயர்நிலை இரண்டில் படித்தபோது, வலைக்குள் பந்து வீசும் போட்டிக்காக எங்கள் பள்ளிக் குழு செய்த ரோபோவுக்கு அதை வடிவமைத்தவன் நான். முதலில் செய்த சக்கரம் லேசாக இருந்ததால் ஒரு பந்தை வீசியதுமே களைத்துப்போனது. விளிம்பில் இரும்பு வாஷர்களைப் பொருத்திக் கனமாக்கியபின், எட்டுப் பந்துகளையும் ஒரே வேகத்தில் வீசியது. அதுவரை குழுவில் என் வேலை பெட்டி தூக்குவதுதான். ஆகவே எனக்குத் தலைகால் புரியவில்லை.

போட்டிக்கு முந்தின நாள் சரஸ்வதி பூசை. இயந்திரம் என் பொறுப்பில் சிங்கப்பூர் புக்கிட் பாத்தோக்கில் எங்கள் வீட்டில் இருந்தது. அம்மா அதையும் என் கணக்குப் புத்தகத்தையும் சாமி அலமாரிக்கு முன்னால் வைத்தார்.

"சுத்துற எடம் எதுடா? அத விட்டுடுறேன்" என்று கேட்டார். நான் காட்டிய சக்கரத்தைத் தொடாமல், அலுமினியச் சட்டத்தில் மட்டும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். மறுநாள் காலையில்தான் எடுக்க வேண்டும் என்பதால், கடைசியாக ஒருமுறை சோதித்துப் பார்க்கவும் முடியவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கோபம்.

காலையில் ரயிலில் போகும்போதே கூச்சம் பிடுங்கித் தின்றது. இது என்ன சிவப்பு என்று குழுவினர் கேட்டால் என்ன சொல்வது? அவர்கள் அதுவரை என்னை எதற்கும் கேலி செய்ததில்லை என்பது வேறு விஷயம். போட்டி மண்டபத்துக் கழிப்பறையில், வீட்டில் தம்பிப் பாப்பாவுக்காக வாங்கியிருந்த, எண்ணெய்ப் பசையுள்ள ஈரத்தாளால் பொட்டைத் துடைத்தேன். குங்குமம் கரைந்து சக்கரத்தில் வழிந்தது. அதையும் அழுத்தித் துடைத்தேன். ரப்பர் பளபளவென்று ஆனது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

முதல் பந்து வலைக்குப் பாதி தூரத்திலேயே விழுந்தது. இரண்டாவது, இயந்திரத்தை விட்டு வெளியேறவே யோசித்தது. சக்கரம் வேகமாகத்தான் சுற்றியது, ஆனால் பந்து வழுக்கியது. முதல் சுற்றோடு வெளியே வந்தோம். ஆசிரியர் ரப்பரை விரலால் தடவி, முகர்ந்து பார்த்தார். ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு மிச்சமிருந்தது. இதில் யார் என்ன பூசியது என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"எங்கம்மா. நேத்து வீட்ல பூசை" என்று நானும் ஆங்கிலத்திலேயே சொன்னேன்.

குழுவுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த அம்மா பக்கத்தில்தான் நின்றார். அது அவருக்குப் புரியாத ஆங்கிலம் இல்லை. பொட்டு வைத்த சட்டத்தைப் பார்த்தார். அது துடைத்துச் சுத்தமாக இருந்தது. பிறகு என்னைப் பார்த்தார். சக்கரத்தைத் தொடவே இல்லை என்று அவர் சொல்லிவிடுவார் என்று பயந்தேன்.

"சாரி லா, சார். மை மிஸ்டேக்" என்றார். அணித்தலைவியிடமும் தனியாக ஒருமுறை மன்னிப்புக் கேட்டார். அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள். "இட்ஸ் ஓகே, ஆன்டி" என்றாள். அதன்பின் அம்மா எல்லாருக்கும் பீஹூன் அரிசிச் சேமியா எடுத்து வைத்தார், எனக்கும்தான். நான் இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன். இதை எழுதக் கூசுகிறது.

வீடு திரும்பும்போது அம்மா ஒன்றும் கேட்கவில்லை. தப்பித்தேன் என்று நினைத்தேன்.

அடுத்த ஆண்டு பூசையன்று அம்மா குங்குமக் கிண்ணத்தோடு என் அறை வாசலிலேயே நின்றார். உள்ளே வரவில்லை. "ஒன் புக்குல பொட்டு வைக்கலாமா? ஒனக்கு ஒண்ணும் இல்லயே?" என்று கேட்டார். பரவாயில்லை, வையுங்கள் என்று பெரிய மனதோடு அனுமதி கொடுத்தேன். அம்மா ஒருவழியாக நாகரிகம் கற்றுக்கொண்டுவிட்டார் என்று அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.