நான் வைக்காத போன்

டி. கல்லுப்பட்டிக்கு பைக்கில் போய்க்கொண்டிருந்த கணவரை, அவனியாபுரம் வீட்டிலிருந்து போனில் அழைத்தேன். “வண்டி ஓட்டுறேன், அப்புறம் பேசுறேன்” என்றார். நான் விடவில்லை. மாமியார் சொன்ன ஒரு சொல்லுக்காக அவரிடம் சண்டை போட்டேன். திடீரென்று வண்டி விழுந்து இழுபடும் சத்தம். “என்னங்க, என்னங்க” என்று கத்தினேன்.

யாரோ ஒரு பெண் போனை எடுத்தார். “பதறாதம்மா, முழங்கைத் தோல்தான் பேந்திருக்கு. ரோட்டைக் கடந்த என் மேல மோதாம வண்டிய ஒடிச்சு விழுந்துட்டாரு.”

நான் போய்ச் சேரும்வரை அந்த அக்கா அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். “நான்தான் போனை வைக்க விடலக்கா” என்று அழுதேன். அக்கா திட்டவில்லை. “ஆளு வீடு வந்து சேரட்டும். அப்புறம் ஆசைதீர சண்டை போடும்மா” என்று தோளைத் தட்டினார்.

இப்போது கணவர் போனை எடுத்தால், “வண்டியிலயா?” என்றுதான் கேட்கிறேன். ஆமாம் என்றால் உடனே வைத்துவிடுகிறேன். சாயங்காலம் வாசலில் அவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும், சொல்ல வைத்திருந்த கோபத்தில் பாதி மறந்தே போகிறது.