பாப்போம்னா என்ன அர்த்தம்

கடைவீதிக்குக் கிளம்பினால் என் மனைவி முதல் வேலையாக எனக்குத் தின்பதற்கு எதையாவது வாங்கிக் கொடுத்துவிடுவாள். பாசம் என்று நினைக்க வேண்டாம். வாயில் ஏதாவது இருந்தால்தான் நான் பேசாமல் வருவேன் என்பது அவள் கண்டுபிடிப்பு. அன்றைக்கு மக்ரூன் வாங்கினாள். அங்கேதான் தப்புப் பண்ணினாள். தூத்துக்குடி மக்ரூன் நாக்கில் பட்டதும் கரைந்துவிடும். பஜாருக்குள் நுழைவதற்குள் என் வாய் காலி.

ஊருக்கு நடுவில் இருக்கிற அந்தப் பழைய கூரைப் பஜாரில் எனக்கு நடக்கப் பிடிக்கும். இரண்டு பக்கமும் கடைகள், நடுவில் பாதை, ஒரு தெருவையே மூடுகிற மாதிரி மேலே உயரமான கூரை. வெள்ளைக்காரன் காலத்து இரும்புத் தூண்கள். உப்புக் காற்றில் துருப்பிடிக்கும், பெயிண்ட் அடிப்பார்கள், மறுபடி துருப்பிடிக்கும். இப்போது தூணில் இரும்பு அதிகமா, பெயிண்ட் அதிகமா என்று யாராலும் சொல்ல முடியாது. கூரைக் கண்ணாடி வழியாக வெயில் பால் கலந்த மாதிரி இறங்கும். அந்த வெளிச்சத்தில் என் வழுக்கைகூடக் கொஞ்சம் கௌரவமாகத் தெரியும்.

அன்றைக்கு நாங்கள் சும்மா உலாத்துகிற மாதிரிதான் நடந்தோம். உண்மையில் அவளுக்கு அங்கே ஒரு கடை வேண்டியிருந்தது.

பல வருஷமாக வீட்டு ஹாலில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறாள். கை சுத்தம். அவள் தொழிலுக்கு இருக்கிற ஒரே இடைஞ்சல் நான். துறைமுகத்து ஆபீஸ் முடிந்து வந்து, கைலியைக் கட்டிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தால், அளவு கொடுக்க வருகிற பெண்கள் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். “அண்ணன் இருக்காவளோ? அப்பம் நாளைக்கு வாரேன்க்கா” என்பார்கள். அந்த நாளை பெரும்பாலும் வேறு தையல்காரியின் வாசலில் விடிந்துவிடும். பஜாரில் ஒரு சின்னக் கடை பூட்டிக் கிடக்கிறது என்று காதில் விழுந்ததிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

“நான்தான் கேப்பேன். நீங்க சும்மா நில்லுங்க. ஜோக்கு எதுவும் அடிச்சிராதிய,” என்றாள்.

“மூச்சு விடலாமா?”

“மூக்கு வழியா விடுங்க.”

கடைக்குச் சொந்தக்காரர், அதற்கு எதிரே குடைக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. கூரைக்கு அடியில் உட்கார்ந்து குடை விற்கும் தைரியசாலி. இதைச் சொல்ல எனக்கு நாக்கு அரித்தது. அடக்கிக்கொண்டேன்.

“அண்ணாச்சி, எதுத்தாப்ல பூட்டிக் கெடக்குத கடை வாடகைக்குக் கெடைக்குமா? தையக்கடை போடலாம்னு இருக்கேன்,” என்று கேட்டாள்.

அவர் கையிலிருந்த குடையை விரித்துப் பார்த்தார். மடக்கினார். “பாப்போம்,” என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார்.

எனக்குப் புரிந்துவிட்டது. நான் கடைக்காரர் மகன். தூத்துக்குடிக்குப் பக்கத்திலிருக்கிற புதுக்கோட்டையில் அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தார். ‘இல்லை’ என்ற சொல்லைக் கடையில் சொல்லக் கூடாது. சொன்னால் உள்ளதும் இல்லாமல் போகும். சீனி தீர்ந்துவிட்டால் “நாளைக்கு வரும்.” எண்ணெய் தீர்ந்துவிட்டால் “காலையில வரைக்கும் இருந்துச்சு.” இதையெல்லாம் தாண்டிய கடைசிச் சொல் ‘பாப்போம்’. என் அக்காவைப் பெண் கேட்டு வந்தவர்களிடம் அப்பா ஒருமுறை “பாப்போம்” என்றார். அவர்கள் காப்பியைக்கூட முழுசாகக் குடிக்கவில்லை. டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள்.

அவமானம் பெருகுவதற்குள் மனைவியின் கையைப் பிடித்துப் பஜாரின் கடைசி வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தேன்.

“முடிஞ்சிட்டுளா. வா, வீட்டுக்குப் போவோம்.”

“என்ன முடிஞ்சிட்டு?”

“பாப்போம்னு சொல்லிட்டாருலா. எங்க பாஷையில அது இல்லங்கதுக்கும் மேல.”

பையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அளவு டேப்பை உள்ளே தள்ளினாள். கடையை அளந்து பார்க்க எடுத்து வந்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எந்த ஜோக்கும் வாயில் வரவில்லை.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிமிர்ந்தாள். அவள் ஆத்தூர்ப் பக்கம், வயல்காரர் வீட்டுப் பெண்.

“எங்க ஊர்ல பாப்போம்னா பாப்போம்னுதான் அர்த்தம். கதிர் முத்திட்டானு பாப்போம், ஆத்துல தண்ணி வருதானு பாப்போம். பாத்துட்டுத்தான் உண்டு இல்லன்னு சொல்லுவோம். அவரு இன்னும் பாக்கவே இல்லியே?”

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். அவள் வேகத்துக்கு ஈடுகொடுக்க என் தொப்பை ஒத்துழைக்கவில்லை.

பூட்டிக் கிடந்த கடையின் ஷட்டர் பாதி ஏறியிருந்தது. கையில் சாவிக்கொத்தோடு அண்ணாச்சி இரண்டு பக்கமும் தேடிக்கொண்டு நின்றார்.

“எங்க தாயி போனிய? கடையப் பாப்போம்னு சாவி எடுக்க உள்ள போனேன். வந்தா ஆளக் காணோம். இடம் பிடிக்கலியோன்னுலா நெனச்சேன்!”

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அகராதி தேவைப்படவில்லை.

“இவியதான் அண்ணாச்சி. இன்னும் ரெண்டு மக்ரூன் வேணும்னு இழுத்துட்டுப் போயிட்டாவ.”

அண்ணாச்சி என் வயிற்றைப் பார்த்தார். நம்பிவிட்டார்.

உள்ளே தூசியும் புறா இறகும்தான். அவளுக்கு என்ன தெரிந்ததோ, முகம் மலர்ந்துவிட்டது. “வேற யாருக்கும் வாக்குக் குடுத்திருக்கியளா அண்ணாச்சி?”

“இல்ல தாயி. ஒனக்குத்தான். பக்கத்துல நூலு, பட்டன் கடை. நீ வந்தா அவனுக்கும் யாவாரம்.”

ஒரு கடைக்காரர் வாயிலிருந்து ‘இல்ல’ என்ற சொல்லை அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன். மக்ரூனைவிடத் தித்திப்பாக இருந்தது.

டேப்பின் ஒரு முனையை என்னிடம் கொடுத்துச் சுவரோடு நிறுத்தினாள். “இங்கன மிஷின். இங்கன கண்ணாடி. அங்கன திரை போட்டு அளவெடுக்கலாம்.”

“எனக்கு ஒரு ஸ்டூலு? ஆபீஸ் விட்டு வந்து செத்த நேரம் உக்கார,” என்று கேட்டேன்.

டேப்பைச் சுருட்டிக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“பாப்போம்,” என்றாள்.

இந்தத் தடவை நான் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.