அக்காவுக்கு முதலில் கொடுத்தது

கணவன் ராய் நுரையீரல் நோயில் கிடந்து செத்த பிறகு ரீத்தா ஸ்காக்ஸுக்கு மிஞ்சியது ஆஸ்பத்திரி பில்களும் நாலு கிரெடிட் கார்டுகளும்தான். ஒஹாயோவில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. சம்பளம் வட்டிக்கே போதவில்லை. அலுத்துப்போய்த் திவால் மனு போட்டாள். இருக்கிற சொத்தையெல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். சட்டம் விட்டுவைக்கிற வீடு, கார், தட்டுமுட்டுச் சாமான் போக ஏதாவது தேறினால், கோர்ட் சார்பில் வரும் பொறுப்பாளர் அதை விற்றுக் கடன்காரர்களுக்குப் பங்கிடுவார். மிச்சக் கடன் ரத்து. ரீத்தாவிடம் என்ன தேறும், மண்ணாங்கட்டி!

விசாரணை கம்ப்யூட்டர் திரையில் நடந்தது. சத்தியம் வாங்கிக்கொண்டு பொறுப்பாளர் கேட்டார்: "போன ஒரு வருஷத்துல சொந்தக்காரங்க யாருக்காவது கடனைத் திருப்பிக் குடுத்தீங்களாம்மா?"

இந்தக் கேள்விக்காவது தலைநிமிர்ந்து பதில் சொல்லலாமே என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள் ரீத்தா.

"குடுத்தேன் சார். வரி ரீஃபண்டு வந்ததும் எங்கக்கா ஓபலுக்குத்தான் முதல்ல குடுத்தேன். மூவாயிரத்து இருநூறு டாலர். கூடப்பிறந்தவளை ஏமாத்துவேனா?"

பக்கத்திலிருந்த அவளுடைய வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். "மனுவுல யாருக்கும் குடுக்கலன்னு எழுதினீங்களேம்மா?"

"கம்பெனிக்காரங்களைக் கேக்கறாங்கன்னு நெனச்சேன். அக்கா என்ன கடன்காரியா?"

நல்லது செய்ததாக நினைத்தாளே, பாவி மகள்! சட்டத்துக்கு அக்காவும் கார்டு கம்பெனியும் ஒன்றுதான். சொந்தத்துக்கு மட்டும் முந்திக் கொடுத்தது செல்லாது. அந்தப் பணத்தை ஓபலிடமிருந்து திரும்ப வாங்கி எல்லாருக்கும் பிரிப்பேன் என்றார் பொறுப்பாளர்.

அன்று சாயங்காலமே ரீத்தா அக்கா வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள்.

"அந்தப் பணத்துலதான்டி பல்லு கட்டினேன்" என்றாள் ஓபல். "உன் கடனெல்லாம் போயிடும், எனக்கு நோட்டீஸ் வருமா? நல்ல தங்கச்சிடி நீ!"

சொன்னவள் பல்செட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "இந்தா, அந்தாளுகிட்டயே குடுத்துடு."

ரீத்தாவுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. உடம்பெல்லாம் அசதி. பல்செட்டைக் குழாயில் கழுவி அக்கா கையில் வைத்தாள்.

"போட்டுக்கோ. நானே மாசம் நூறு டாலரா அவருக்குக் கட்டறேன்னு கேட்டுட்டேன், சரின்னுட்டார். ஆபீஸ் கூட்டற வேலை ஒண்ணு இருக்கு. ஸ்கூல் விட்டதும் போவேன்."

ஓபல் பல்லைப் போட்டுக்கொண்டு விரல் விட்டு எண்ணினாள். "முப்பத்திரெண்டு மாசம். மாசத்துக்கு ஒரு பல்லாடி?"

"ஆமாக்கா" என்றாள் ரீத்தா. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.