தேவகிக்கு இன்னொரு கல்யாணம்

போன வாரம் வாரிசுச் சான்றிதழ் விஷயமாகக் கள்ளக்குறிச்சி போயிருந்தேன். கேட்ட தாள்களில் ஒன்றுக்கு நகல் இல்லை. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் போய் நின்றால், எனக்கு முன்னால் இரண்டு கல்லூரிப் பெண்களுக்குள் சண்டை.

"புருசன் செத்து ஆறு மாசம் கூட ஆவல, அதுக்குள்ள இன்னொருத்தனா?"

"அதுக்காக? காலம் பூரா அழுதுகினே இருக்கணுமாடி?"

யாரோ சொந்தக்காரப் பெண்ணின் கதை போலிருக்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டேன். ஒருத்தி கைப்பேசியை மற்றவளின் மூக்குக்கு நேரே நீட்டி, "கமெண்ட படிச்சிப் பாரு, எல்லாரும் என் கட்சிதான்" என்ற பிறகுதான் புரிந்தது. ஏதோ தொடரின் கதாநாயகியை வைத்து ரசிகர்கள் தாங்களாக எழுதுகிற கதை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் முறை வந்து, இயந்திரத்திலிருந்து சூடாக விழுந்த தாளை வாங்கியதும் பழக்கதோஷத்தில் முகர்ந்து பார்த்தேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

அந்த வாசனைக்குள் நான் நாலு வருஷம் இருந்திருக்கிறேன். தாலுகா அலுவலகத்துக்கு எதிர்ச் சந்தில் ஒரு டிடிபி கடை. சின்னசேலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து தட்டச்சு செய்வேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, நடுவில் மனுக்கள். ஒருமுறை கணினியில் பழைய கல்யாணப் பத்திரிகையின் மேலேயே ஓர் அஞ்சலியை அடித்து, 'மணமக்களை வாழ்த்த வருக' என்ற வரியை எடுக்க மறந்துவிட்டேன். நல்லவேளை, அச்சுக்குப் போகும் முன் வசந்தா அக்கா பார்த்துவிட்டார்.

வசந்தா அக்காதான் எங்கள் கடையின் ஜெராக்ஸ் இயந்திரம், பைண்டிங் எல்லாம். அப்போது அவருக்கு முப்பத்திரண்டு வயது இருக்கும். கணவர் பெயர் ஏழுமலை. வெள்ளிமலைக்கு வேன் ஓட்டியவர். மஞ்சள் காமாலையில் போய் ஐந்து வருஷம் ஆகியிருந்தது. மாமியாரோடுதான் இருந்தார். அதிகம் பேச மாட்டார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் கணினிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து நான் எழுதிய கதையைப் படிப்பார்.

ஆமாம், நானும் எழுதினேன். அந்த நாளில் ஊரே பார்த்த ஒரு தொடரில், கதாநாயகி தேவகியின் கணவனாக நடித்தவர் சினிமாவுக்குப் போய்விட்டார். தொடரை எடுத்தவர்களும் ஒரு விபத்தை வைத்து, படத்துக்கு மாலையைப் போட்டு முடித்துவிட்டார்கள். ரசிகர்களான எங்களால் பொறுக்க முடியவில்லை. பெண்கள் நிறையப் பேர் புழங்கிய ஒரு இணையதளத்தில் நான் தேவகியின் மீதிக் கதையை எழுத ஆரம்பித்தேன். காதலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஒற்றெழுத்தும் தெரியாது. தைரியம் மட்டும் நிறைய இருந்தது. தேவகியின் ஊருக்கு ஒரு மாட்டு டாக்டரை வரவழைத்தேன்.

அவ்வளவுதான், வாசகர்கள் இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள். சேலத்தில் நர்ஸாக இருந்த ஒரு பெண், "சீக்கிரம் கட்டி வைங்க, நான் டியூட்டிக்குப் போவணும்" என்பார். குவைத்தில் வண்டி ஓட்டிய ஒருவர் கடும் எதிர்ப்பு. "நான் இங்க செத்தா என் சம்சாரமும் இப்படித்தானா?" என்று மூன்று பத்தி எழுதினார். அதற்கு நர்ஸ், "நீங்க செத்தா அவங்க சாப்புடணுமா வேணாமா?" என்று கேட்க, அவர் இரண்டு நாள் வரவேயில்லை. நாங்கள் பயந்துபோனோம். மூன்றாம் நாள் வந்து, "யோசிச்சிக்கினு இருக்கேன்" என்று ஒரே வரி போட்டார்.

வசந்தா அக்கா கதையைவிட இந்தச் சண்டையைத்தான் கவனமாகப் படிப்பார். "நீங்க எந்தக் கட்சிக்கா?" என்று கேட்டால், "சோத்தத் துன்னு" என்பார்.

ஒருநாள் கல்யாணத்தை நடத்தி வைத்துவிட்டேன். மாலை, நாதஸ்வரம், டாக்டரின் கண்ணில் நீர், எல்லாம் தாராளமாகப் போட்டிருந்தேன். அக்கா படித்தார், எழுந்து போய்விட்டார். மூன்றாம் நாள் ஸ்பைரல் பைண்டிங் போட்டுக்கொண்டே கேட்டார்.

"அந்த ஆளோட சட்டையெல்லாம் இன்னா பண்ணா?"

"எந்த ஆளுக்கா?"

"பாத்தியா. செத்தவரு. நீயே மறந்துட்ட." கையை நிறுத்தவில்லை. "எங்கூட்டுக்காரரு சட்ட ஒம்போது இருக்குது. மாசத்துக்கு ஒருக்கா தொவைக்கிறேன். உன் தேவகி வேற வூட்டுக்குப் போறாளே, அதெல்லாம் எடுத்துக்கினு போனாளா, யாருக்கனா குடுத்துட்டாளா? ஒன்னும் எழுதாம தாலி மட்டும் கட்டிட்ட."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஐந்து வருஷமாக ஆளில்லாத சட்டையைத் துவைக்கிற ஒருத்தியின் பக்கத்தில் உட்கார்ந்துதான் அத்தனை நாதஸ்வரத்தையும் ஊதியிருக்கிறேன்.

அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டு வேறு எழுதினேன். தேவகி டிரங்குப் பெட்டியோடு வருகிறாள். டாக்டர் ஒன்றும் கேட்காமல் பீரோவில் ஒரு தட்டைக் காலி செய்கிறார். கல்யாணம் ஒரே வரி. குவைத்காரர் எழுதினார்: "இது சரி. இப்ப போவட்டும்."

மூன்று நாலு மாதம் கழித்து அக்கா என்னிடம், "வெள்ளிக்கிழம லீவு போடு. சாட்சிக் கையெழுத்து போடணும்" என்றார். மாப்பிள்ளை முருகேசன் சார். வெள்ளிமலைப் பக்கம் பள்ளிக்கூட வாத்தியார், கேள்வித்தாள் நகலெடுக்க எங்கள் கடைக்கு வருவார். நான் தேவகியை எழுத ஆரம்பித்த சமயத்திலேயே அவர் அக்காவைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருக்கிறார்.

"என்கிட்ட சொல்லவேயில்லையேக்கா?"

"யாரக் கேக்கறது சொல்லு? மாமியாரக் கேட்டா அழும். சொந்தத்துல கேட்டா ஊரெல்லாம் தெரியும். உன் கதைக்கு அடியில சண்ட போட்டாங்களே, அவங்கதான் எனக்காகப் பேசிக்கினு இருந்தாங்க, அதான் படிச்சிக்கினு இருந்தேன்."

பதிவு அலுவலகத்துக்கு மாமியாரும் வந்திருந்தார். அழுதார்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சாரிடம், "வசந்தா எம்புள்ள போட்டோவ எடுத்துக்கினுதான் வரும். இன்னா சொல்ற?" என்று கேட்டார். அவர், "ஆணி அடிச்சி வெச்சிட்டேம்மா. நீயும் வா" என்றார். மாமியாரும் போனார். கடைசிவரை மலையில்தான் இருந்தார்.

அந்த டிடிபி கடை இப்போது கைப்பேசிக் கடை. இணையதளமும் ஒருநாள் காலையில் திறக்கவில்லை, மறுநாளும் திறக்கவில்லை, அப்படியே போய்விட்டது. நூறு அத்தியாயத்துக்கு மேல் இருக்கும், ஒன்றுக்கும் நான் நகல் வைத்துக்கொள்ளவில்லை. என் கதை போனதில் தமிழுக்கு நஷ்டமில்லை. அதன் அடியில் இருந்த சண்டைகள்தான் போயிருக்கக் கூடாது. அந்த நர்ஸின் பெயர் எனக்குத் தெரியாது. குவைத்காரர் ஊர் திரும்பினாரா, தெரியாது. நன்றி சொல்லலாம் என்றால் எந்தக் கதவைத் தட்டுவது? இல்லாத ஒருத்திக்காகத்தான் இவ்வளவு பேசினோம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.