கழியில் கட்டிய செம்மரக் கன்று

நான் வேலை செய்யும் ரேணிகுண்டா லாரிப் பட்டறையில் நனைந்த தேங்காய்நார்க் கயிற்றின் வாடை வரும்போதெல்லாம், இப்போது தொழிற்சாலைச் சுவருக்குள் போய்விட்ட எங்கள் சத்தியவேட்டு வீட்டுத் தோட்டமும், அதில் அரிசி கழுவிய தண்ணீரைக் குடித்து வளர்ந்த செம்மரக் கன்றும் நினைவுக்கு வந்துவிடுகின்றன.

சென்னைக்கு வேலைக்குக் கிளம்பிய அன்று நைனா அந்தக் கன்றைக் கழியோடு சேர்த்துக் கட்டிவிட்டு, "நா வர்ற வரிக்கும் அவுக்காத, காத்துல சாஞ்சிபூடும்" என்றார்.

"நீயே வந்து அவுத்துக்கோ, இங்க யார் தொடப்போறா?" என்று அம்மா சிரித்தாள்.

நைனா வரவே இல்லை. கன்று பருக்கப் பருக்கக் கயிறு பட்டைக்குள் இறங்கியது. அதற்கு மேலே இலைகள் பழுத்து உதிர்ந்தன. கயிற்றை அறுக்க நான் அரிவாளோடு போனபோது, "அவரு வந்து கேட்டா இன்னாடா சொல்றது?" என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கன்று பட்டுப்போன பிறகும், அரிசி கழுவிய தண்ணீரை அவள் அங்கேயேதான் ஊற்றினாள்.